முதல் நாற்காலியும் ஒரு சிட்டிகைப் பொடியும்

வில்லைத் தந்தியின் மேல் வைத்துவிட்டேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. ஐந்து பேரும் தயார். நான் காத்திருந்தேன்.

எதற்காக என்று கேட்காதீர்கள். யாராவது ஆரம்பிப்பார்கள், பின்னாலேயே சேர்ந்து போய்விடலாம் என்று காத்திருந்தேன். அந்த வாத்தியக் குழுவுக்குத் தலைவியே நான்தான், ஆரம்பிக்க வேண்டியவளும் நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

மற்ற நான்கு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். மேலே காற்றாடி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. முன்வரிசையில் ஒருவர் இருமினார். இருமியதற்கு வெட்கப்பட்டு, இன்னொரு தடவை மெதுவாக இருமினார். பியானோவில் இருந்த அ லான் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, விரல்களைத் தூக்கிவைத்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. அதுதான் சைகை என்று நினைத்தாளோ என்னவோ, அ லான் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு வயலின்கள், அதற்கும் பின்னால் செல்லோ. எல்லோருக்கும் கடைசியாக, தலைவியாகிய நான்!

சென்ற வாரக் கதையை, என் பொன்னக்கா கல்யாணமாகி, தைப்பிங்குக்குக் குடித்தனம் போனதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓர் அன்பர், "பாட்டுக்காரி போன பிறகு பிடில்காரி என்ன செய்தார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மேலே சொன்னதைத்தான், ஐயா, செய்தாள்.

பின்னாலேயே போகிற கை

என் அசட்டுத்தனத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் என்னை அவ்வளவு மட்டமாக நினைக்க மாட்டீர்கள்.

பொன்னக்கா பாடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடில் வாசிப்பேன். ஜார்ஜ் டவுனில் அந்தக் காலத்தில் எங்கள் இருவரையும் கூப்பிடாத கல்யாணம், காதுகுத்து, நவராத்திரி கிடையாது. எங்கள் பாட்டுக் கச்சேரியில் பக்கவாத்தியத்துக்கு ஒரே வேலைதான்: பாடுகிறவரை விட்டு விலகாமல், அவருக்கு முந்தாமல், ஒரு மயிரிழை பின்னால் போய்க்கொண்டே இருப்பது.

ஏழெட்டு வருஷம் நான் அப்படிப் போனேன். ரிப்பனுக்காகச் சண்டை போட்ட நாள்களில் அக்கா வேண்டுமென்றே நடுவில் ஒரு அடியை மாற்றிப் பாடுவாள், நான் திண்டாட வேண்டுமென்று. நான் திண்டாடவே மாட்டேன். அவள் எங்கே திரும்பினாலும் என் வில்லும் திரும்பும்.

"உவள் பொன்னு தும்மினாலும் நேசம் அதையும் வாசிச்சுப் போடுவாள்" என்று ஐயா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நேசம் நான்தான். ஐயா என்றால் என் அப்பா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். துறைமுக ஆபீசில் தலைமைக் கிளார்க். பாட்டென்றால் உயிர், சுருதிதான் தெரியாது.

அக்காவுக்கு வாசிப்பதென்றால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வேன். கான்வென்டில் வெள்ளைக்காரச் சிஸ்டரிடம் போனால் அதே பிடிலைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். காலையில் ஒரு ஜாதி, மாலையில் ஒரு ஜாதி என்று பத்து வருஷம் இரண்டையும் பழகினேன். வயலினும் ஒன்று, ஆளும் ஒன்று, உட்காருவதில்தான் வித்தியாசம்.

தாடைக்குக் கீழே இடுக்கியதில் கழுத்தின் இடது பக்கம் ஒரு கறுப்புத் தழும்பு விழுந்தது. அம்மா ஆறு மாதம் மஞ்சள் அரைத்துப் பூசினார். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது பரம்பரை வியாதியோ?" என்று கேட்டார். "ஓம், ஆறு மணித்தியாலம் சாதகம் பண்ணினால் வரும்" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. நல்லதாகப் போயிற்று.

ஆளா, சாமானா?

அக்கா தைப்பிங் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் எங்கள் ஐந்து பேர் குழு சேர்ந்தது. ஜப்பான்காரன் வருவதற்கு எட்டொன்பது வருஷம் முன்பு இருக்கும்.

பியானோவுக்கு அ லான். அடுத்த வீட்டுத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, அவருடைய மகள். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு விளையாடி, தமிழ் நன்றாகப் பேசுவாள். இரண்டு வயலினுக்கு யூரேசியன் பெண்கள் இருவர். அக்கா தங்கை, நாங்கள் 'மூத்தவள்', 'இளையவள்' என்றே கூப்பிடுவோம். செல்லோவுக்கு ருக்மணி அக்கா.

ருக்மணி அக்காவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வாரம் எழுதலாம். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி. அந்தத் தோட்டத்துத் துரையின் பெண்சாதி பொழுதுபோகாமல் இவருக்குச் செல்லோ சொல்லிக் கொடுத்து, சீமைக்குத் திரும்பும்போது வாத்தியத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதை மாட்டு வண்டியில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, பிறைத் துறையில் இறக்கி, படகில் ஏற்றி, ஜார்ஜ் டவுனில் ரிக்‌ஷாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துவிடுவார்.

படகுக்காரன் முதல் நாள் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தானாம். "அக்கா, இது ஆளா, சாமானா? ஆளுன்னா சீட்டு வாங்கணும், சாமான்னா கீழே போடணும்."

"ஆளுதாண்டா, தம்பி. என் தங்கச்சி. கொஞ்சம் பருமன், வெளியே வர வெட்கப்படுறா" என்றிருக்கிறார் ருக்மணி அக்கா. அதிலிருந்து அந்தப் படகில் செல்லோவுக்குப் பெயர் 'தங்கச்சி'.

இப்படிப்பட்டவர்கள் சேர்ந்த குழு. முதல் வயலின் நான், ஆகவே தலைமையும் நான். மேடையில் பார்வையாளர்களுக்கு மிக அருகில் இருக்கும் முதல் நாற்காலி எனக்கு. எந்தப் பாட்டு, எவ்வளவு வேகம், எங்கே மெலிவு, எங்கே ஓங்கல், எல்லாம் என் சொல்படி. இத்தனை வருஷம் ஒருவருக்குப் பின்னால் போனவளுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, சும்மா அதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒத்திகையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. ஏனென்றால் ஒத்திகையில் அ லான், "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று வாய்விட்டு எண்ணுவாள். மேடையில் அப்படி எண்ண முடியாது என்பதை நாங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில்தான் அது தெரிந்தது.

தடி பிடிக்க ஓர் ஆம்பிளை

விழா முடிந்த மறுநாளே எங்கள் ஊர்ச் சங்கத்துக் காரியதரிசி துரைசிங்கம் அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சங்க மண்டபம் அவர் கையில் இருந்தது. அங்கே மாதம் ஒரு கச்சேரி எங்களுக்குத் தருவதாகப் பேச்சு. ஆகவே அவர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதை" என்று தொடங்கினார். கோபித்துக்கொள்ள வேண்டிய விஷயத்தை அவர் எப்போதும் அப்படித்தான் தொடங்குவார். "வாசிப்பு நல்லம். ஆனால் தொடக்கம்? சபையிலை சிரிக்கினம். ஒரு ஆம்பிளை முன்னுக்கு நிண்டு தடியை ஆட்டினால் எல்லாம் ஒழுங்காகும். என்ரை மச்சான் பட்டாளத்து பேண்டிலை கொர்னெட் ஊதினவர். அவர் வரட்டும்."

"அப்ப நான்?"

"நீ இரண்டாம் கதிரையிலை இரு. மூத்தவள் முதல் கதிரைக்கு வரட்டும். உனக்குப் பின்னாலை போறதுதானே பழக்கம்?"

கதிரை என்றால் எங்கள் பேச்சில் நாற்காலி. எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அங்கிள், அடுத்து வாற ஆஸ்பத்திரி நிதிக் கச்சேரி மட்டும் பாருங்கோ. அதிலையும் தொடக்கம் பிழைச்சால் நானே எழும்பி இரண்டாம் கதிரையிலை போய் இருக்கிறன். உங்கடை மச்சான் நல்லாய்த் தடி ஆட்டட்டும்."

ஐயா பத்திரிகையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றார். துரைசிங்கம் அங்கிள் குடையை எடுத்துக்கொண்டு, "ஒரு கச்சேரி. ஒண்டே ஒண்டு" என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

தலை, கால், புருவம்

எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. வாசிப்பைப் பற்றிக் கவலையே இல்லை. ஐந்து பேரும் ஒரே நொடியில் தொடங்குவது எப்படி? அதற்கு என்னிடமிருந்து ஒரு சைகை வேண்டும்.

முதலில் தலையை ஆட்டிப் பார்த்தேன். மூத்தவளும் இளையவளும் சரியாக ஆரம்பித்தார்கள். என் கொண்டைப் பூ பறந்துபோய் இளையவள் மடியில் விழுந்தது. ருக்மணி அக்கா ஆரம்பிக்கவே இல்லை.

"என்னக்கா?"

"எனக்கு உன் தலை எங்கே இருக்குன்னே தெரியலையேம்மா. ஏதோ கறுப்பா இருக்கு, ஏதோ வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்."

அவருக்குக் கிட்டப் பார்வை. கண்ணாடி உண்டு, மேடையில் போட மாட்டார். "கண்ணாடி போட்டா அசல் எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

புருவத்தை உயர்த்திப் பார்த்தேன். இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலால் தரையைத் தட்டினேன். எங்கள் வீட்டுத் தரை பலகை. ஐயாவின் தேநீர்க் கோப்பை மேசையில் இருந்து துள்ளி விழுந்தது. இத்தனைக்கும் பியானோவில் இருந்தவள் எதையும் பார்க்கவில்லை.

"அலமாக், நேசம்! எனக்கு முதுகுல கண்ணு இல்லை லா" என்றாள் அ லான்.

ஒருத்திக்குக் கண் தெரியவில்லை. ஒருத்திக்கு முதுகு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி, கடைசியாக ஒரு தடவை என்று வில்லைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா அடுக்களையில் காய்ந்த எண்ணெயில் செத்தல் மிளகாயைப் போட்டார்.

அந்த நெடி வந்து என் மூக்கில் ஏறியது. 'ஸ்ஸ்க்' என்று மூச்சை உள்ளே இழுத்தேன். இழுத்த அதே நொடியில் பியானோ, வயலின்கள், செல்லோ எல்லாம் ஒன்றாக எழும்பின! கத்தியால் நறுக்கின மாதிரி ஒரு தொடக்கம். ஒருவரை ஒருவர் பார்த்தோம். வாசிப்பதை நிறுத்திவிட்டு ஐந்து பேரும் சிரித்தோம், இருமினோம், மறுபடியும் சிரித்தோம். ருக்மணி அக்கா செல்லோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "கேட்டுச்சுடி! நல்லாக் கேட்டுச்சு!" என்றார்.

மிளகாய் இல்லாமல் இழுத்துப் பார்த்தேன். அப்போதும் சரியாக வந்தது. பத்துத் தடவை இழுத்தேன், பத்துத் தடவையும் சரி.

அன்றே ஒரு சட்டம் போட்டேன். "மேடையில உட்கார்ந்ததும் வில்லைத் தந்தியில வச்சிடுங்க. என் முகத்தைப் பார்க்க வேண்டாம். என் மூச்சை மட்டும் கேளுங்க. கேட்டதும் யோசிக்காம ஆரம்பிச்சிடணும்." இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

மூன்று வாரமும் நான் வீட்டில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரிந்தேன். "என்ன பிள்ளை, தடிமனோ?" என்று அம்மா காலையும் மாலையும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். சாதகம் பண்ணுகிறேன் என்றால் நம்ப மாட்டார் என்று குடித்துத் தொலைத்தேன்.

முன்வரிசை

கச்சேரி நாள். மண்டபம் நிறைந்துவிட்டது. திரைக்குப் பின்னால் இருந்து முன்வரிசையைப் பார்த்தேன். துரைசிங்கம் அங்கிள். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சூட் போட்ட மச்சான். மடியில் தடியோடு வந்திருந்தார் அந்த மனிதர்! எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். அந்தத் தடியைப் பார்த்ததும் எனக்கு இருந்த பயமெல்லாம் ஆத்திரமாக மாறிவிட்டது.

அவர்களுக்கு அடுத்து ஐயா. ஐயாவுக்கு அந்தப் பக்கம், மேடைக்கு நேர் எதிரே, மரைக்காயர்.

சூலியா வீதியில் சாக்கு மொத்த வியாபாரம். மண்டபத்துக் காற்றாடிகளெல்லாம் அவர் உபயம். கோயில் நாதசுரமா, சீனர் கூத்தா, எங்களைப் போன்றவர்கள் வாசிப்பா, எதுவானாலும் முன்வரிசையில் அவரைப் பார்க்கலாம். நல்ல ரசிகர். பாட்டு தொடங்கப் போகிறது என்றால் வெள்ளி டப்பாவை எடுத்து, மூடியை இரண்டு தட்டுத் தட்டி, ஒரு சிட்டிகைப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்வார். அப்போதுதான் காது திறக்கும் என்பது அவர் கொள்கை. இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இதையும் என் சட்டத்தையும் சேர்த்து நான் யோசிக்கவில்லையே!

திரை விலகியது. கைதட்டல். உட்கார்ந்தோம். நான்கு பேரும் சட்டப்படி வில்லையும் விரலையும் வைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டார்கள். முதலில் ஒரு வால்ஸ், நல்ல துள்ளலான மெட்டு.

என் சேலைத் தலைப்பு நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கிழியும். பிடில் ஒரு கையில், வில் ஒரு கையில், அப்படியே குனிந்து இரண்டு விரலால் அதை விடுவித்துக்கொண்டிருந்தேன்.

டொக், டொக். பிறகு, சபை முழுக்கக் கேட்கும்படி, 'ஸ்ஸ்க்!'

நான்கு பேரும் தொடங்கிவிட்டார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், என் மனதில் முதலில் வந்தது, 'அடடா, என்ன அழகான தொடக்கம்!' என்பதுதான். இரண்டாவதாகத்தான், 'ஐயையோ, இதில் நான் இல்லையே!' என்று வந்தது.

தாடைக்குக் கொண்டுபோக நேரமில்லை. குனிந்த நிலையிலேயே பிடிலை மார்பில் சாய்த்து, அதன் தலையை முழங்காலில் ஊன்றினேன். கணுக்காலுக்குப் பதில் முழங்கால், மற்றபடி அக்காவுக்கு வாசித்த அதே பிடி. அவ்வளவுதான், கை தானாகப் போயிற்று. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எட்டிப் பிடிப்பது என் கைக்குக் கைவந்த கலை அல்லவா? மூன்றாவது தாளத் தட்டில் நான் உள்ளே இருந்தேன். ஒரு சின்ன இடைவெளி வந்தபோது மெல்ல நிமிர்ந்து, பிடிலைத் தாடைக்கு ஏற்றிக்கொண்டேன். மற்ற நால்வரும் என் முகத்தைப் பார்க்காதவர்கள் ஆதலால் எதுவும் நடந்ததாகவே அவர்களுக்குத் தெரியாது.

வால்ஸ் முடிந்தது. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. துரைசிங்கம் அங்கிள் எழுந்து நின்று தட்டினார். மச்சான் தடியை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுத் தட்டினார். நான் வியர்வையில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாட்டைத் தொடங்கியது நான் இல்லை. மரைக்காயர்!

தாலாட்டு

இரண்டாவது பாட்டு, எங்கள் அம்மா பாடிய ஒரு தாலாட்டு மெட்டு. அதை ஐந்து பேருக்கும் நானே பிரித்து எழுதியிருந்தேன். பொன்னக்கா எல்லாக் கச்சேரியிலும் கடைசியாகப் பாடுவது அது. நூறு தடவை அதை வாசித்திருப்பேன். ஆனால் அதன் முதல் ஸ்வரத்தை ஒரு தடவைகூட நான் தொடங்கியதில்லை.

மெதுவாக, ஐந்து பேரும் கீழ் ஸ்வரத்தை ஒன்றாகத் தொட வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஊருக்கே தெரிந்துவிடும். அ லான் இன்னும் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வில்லை வைத்துவிட்டார்கள்.

மரைக்காயரின் கை சட்டைப் பைக்குள் போயிற்று.

எனக்கு உயிர் போய்விட்டது. ஐயாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன்: அவரைத் தடுங்கள், கையைப் பிடியுங்கள். ஐயா என்னைப் பார்த்தார், புரிந்துவிட்டது என்று தலையாட்டினார், தன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டப்பா வெளியே வந்தது. மூடியில் ஒரு தட்டு. அ லான் காகிதம் புரட்டுவதை நிறுத்தினாள். இன்னொரு தட்டு. அவள் கைகள் மேலே எழும்பின. மரைக்காயரின் விரல்களில் பொடி.

அந்த நொடியில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. அக்கா தாலாட்டைத் தொடங்குமுன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பாள். சின்னச் சத்தம், பக்கத்தில் இருக்கும் எனக்கு மட்டும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் நான் சேர்ந்துகொண்டிருந்தேன். அடுக்களை மிளகாய் எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. அக்கா இழுத்த மூச்சைத்தான் இப்போது நான் இழுக்க வேண்டியிருந்தது.

இழுத்தேன்.

தாலாட்டு தொடங்கியது. ஐந்தும் ஒரே குரலாக, மெத்தென்று இறங்கியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவருக்கு முந்திவிட்டேன்! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு வாசித்தேன்.

மரைக்காயரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை அவர் அதை மூக்குக்குக் கொண்டுபோகவும் இல்லை, டப்பாவில் போடவும் இல்லை. பொடி அவர் இரண்டு விரல்களுக்கிடையிலேயே இருந்தது.

பொடி விஷயம்

கச்சேரி முடிந்ததும் துரைசிங்கம் அங்கிள் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"பிள்ளை, வால்ஸை என்ன மாதிரித் தொடங்கினாய்! குனிஞ்சு சபைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே தொடங்கினியே! கையும் ஆட்டேல்லை, தலையும் ஆட்டேல்லை. உது சீமையிலையே ஒருத்தரும் செய்யாத ஸ்டைல் எண்டு மச்சான் சொல்லுறார். முதல் கதிரை உனக்குத்தான், இனி ஆரும் கேட்க மாட்டினம்."

தாலாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் உண்மையாகவே தொடங்கிய தொடக்கம் அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கு மனச்சாட்சி உறுத்தியது. "அங்கிள், அது வந்து..." என்று வாயைத் திறந்தேன்.

"என்னம்மா நீங்க!" பின்னால் இருந்து மரைக்காயர் குரல். சிரித்துக்கொண்டே வந்தார். "மொதப் பாட்டுல நான் முந்திக்கிட்டேன். ரெண்டாவதுல நீங்க என்னை முந்திட்டீங்களே லா!"

"என்ன முந்தினது?" என்றார் துரைசிங்கம் அங்கிள்.

"ஒண்ணுமில்லை, துரை. இது பொடி விஷயம். உங்களுக்கு வெளங்காது."

அங்கிள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மச்சானைத் தேடிக்கொண்டு போனார். மரைக்காயர் வெள்ளி டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்களே வச்சிருங்கம்மா. கச்சேரி முடிஞ்சதும் குடுங்க. அந்தத் தாலாட்டுக்குப் பொடி இல்லாமலே காது தொறந்துக்கிச்சு."

அதன் பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் அவர் வந்ததும் முதல் வேலையாக மேடைக்கு வந்து டப்பாவைக் கொடுப்பார். நான் அதைக் காகிதம் பறக்காமல் இருக்க என் முன்னால் இருக்கும் தாங்கியில் வைத்துக்கொள்வேன். எங்கள் குழு ஐந்திலிருந்து ஒன்பதாயிற்று, பிறகு பதினான்காயிற்று. ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வாசித்தோம். எங்கே போனாலும் முதல் நாற்காலி எனக்கு. எங்கே போனாலும் ஒரு மூச்சு, உடனே தொடக்கம்.

பொன்னக்கா குழந்தையோடு தைப்பிங்கில் இருந்து வந்து எங்கள் கச்சேரியை முதன்முதலாகக் கேட்ட அன்று, வீட்டுக்குப் போகும் வழியில் ரிக்‌ஷாவில் என்னிடம், "எடியே, உது என்ரை மூச்செல்லோ!" என்றாள்.

"ஓம் அக்கா. திருப்பித் தரேலாது" என்றேன்.

பல வருஷத்துக்குப் பிறகு சங்க மண்டபத்தைப் புதுப்பித்தபோது பழைய நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள். நான் போய் என்னுடையதைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். பிரம்புப் பின்னல் இரண்டு தடவை மாற்றியாயிற்று. அதில் உட்கார்ந்துதான் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வால்ஸ் யார் தொடங்கியது என்பதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்குக்கூட. துரைசிங்கம் அங்கிள் மேலே இருந்து இதைப் படிப்பாரானால், "பிள்ளை, ஏமாத்திப் போட்டாய், எழும்பு!" என்பார்.

எழும்ப மாட்டேன், அங்கிள். தாலாட்டைத் தொடங்கியது நான்தான்.